கத்திரிப்பூ அண்ணாச்சி குடிக்காத தண்ணீர்

முகமே இல்லாத மனுஷர் ஒருத்தர் எங்க வள்ளிநகர் காலனி பன்னிரண்டாம் தெருவுக்குள்ள நடந்து வந்தது ஒரு திங்கக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்னைக்கு என் மில்லுல மிளகா அரைக்கிற நாள், தெருவே தும்மிக்கிட்டு கிடந்துச்சு, வரிசையில நின்ன பொம்பளைங்க சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாங்க, அதனால முதல்ல எங்க கண்ணுல பட்டது அவருக்கு முகம் இல்லைங்கிறது இல்ல, இவரு ஒருத்தர் மட்டும் தும்மாம வாறாரேங்கிறதுதான். மூக்கு இருந்தாத்தானே தும்மறதுக்கு. முகம் இருக்கவேண்டிய இடம் கழுவி வச்ச பீங்கான் தட்டு மாதிரி வெள்ளையா, வழவழன்னு இருந்துச்சு, ஆளு வாசல் நிலை உசரம், கணுக்கால் வரைக்கும் கத்திரிப்பூ நிறத்துல ஒரு சட்டை. ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் ஏது. "அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, மிளகா காந்தும்"னு ஒரு அம்மா இடம் விட்டா, அவரும் மரியாதையா ஒதுங்கி நின்னாரு. அப்படியே அவருக்குக் கத்திரிப்பூ அண்ணாச்சின்னு பேரும் ஆயிட்டு.

என் பேரு மாரிக்கனி. இந்தத் தெருவுல மாவு மில் வச்சிருக்கேன், எங்க வீட்டுக்காரர் போன மூணாம் நாளே ஷட்டரைத் தூக்கினவ நான், அதுக்கப்புறம் இருபத்திரெண்டு வருஷமா ஒரு நாள் பகல்ல அதை இறக்கினது கிடையாது. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. மில்லு சத்தத்துக்கு மேல பேசிப் பேசி வந்த தொண்டை இது, இதைக் குறைக்கணும்னா மில்லைத்தான் விக்கணும்.

அந்தக் கத்திரிப்பூ அண்ணாச்சியை நான் ஏற்கனவே பார்த்திருக்கேன். என் மில்லுக்கு மேல மாடி ரூமுல வாடகைக்கு இருக்கா ஜெபராணின்னு ஒரு பிள்ளை, பெங்களூர்ல கைநிறையச் சம்பளம் வாங்கினதை விட்டுட்டு வந்து மூணு வருஷமா ஒத்தையில கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு செஞ்சுக்கிட்டிருந்தா. அந்த விளையாட்டுல சுடறது கிடையாது, குதிக்கறது கிடையாது, ஜெயிக்கறது தோக்கறதும் கிடையாது, முகமில்லாத ஒருத்தர் ஒரு ரோட்டுல நடப்பாரு, போற வழியில வினோதமான ஆளுங்களைப் பார்ப்பாரு, அவ்வளவுதான். முதுகுல ஒரு கதவைச் சுமந்துக்கிட்டுத் திரியிற மனுஷன் வருவான், ஒரு வீடு தண்டிக்கு, அவ்வளவு பெரிசா, உக்காந்து அடைகாக்குற கோழி வரும், உங்க நிழலை அளந்து பார்த்துட்டு "இடுப்புல கொஞ்சம் பிடிச்சிருக்கு, தளர்த்தித் தரட்டுமா"ன்னு கேக்குற தையல்காரி வருவா. "இதை எதுக்குட்டி விளையாடணும்"னு நான் கேட்டேன். "சும்மா சித்தி, நடக்கத்தான்"னா. அதுக்கு அவ வச்ச பேரும் அதுதான், சும்மா ஒரு நடை.

கீழ மில்லு ஓடினா மாடி ரூமு அதிரும், அதனால அவ விளையாட்டுல அந்த ரோடு எப்பவும் லேசா அதிர்ந்துக்கிட்டே இருக்கும். அவ ஜன்னல் வழியா மாவு பறந்து வந்து படியும், அதனால அந்த ஊர்ல வானத்துல இருந்து எப்பவும் வெள்ளையா என்னமோ உதிர்ந்துக்கிட்டே இருக்கும். வெளிநாட்டுக்காரங்க சில பேரு விளையாடிட்டு, பனி ரொம்ப அழகா இருக்குன்னு எழுதியிருந்தாங்களாம். அது பச்சரிசி மாவு. அந்தப் பிள்ளை மேல எனக்கு உசுரு, அதை இப்பவே சொல்லிருதேன்.

இன்னொண்ணும் சொல்லணும். வெளியே கிளம்புறவங்களை எங்க போறீங்கன்னு கேக்கக் கூடாதுன்னு எங்க காலனியில பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், கேக்காம இருக்கத்தான் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டுட்டா போற காரியம் உருப்படாது, உருப்படணும்னா அவங்க திரும்பி வந்து, ஒரு நிமிஷம் உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, புதுசாக் கிளம்பணும். தண்ணி குடிச்சா கிளம்பணும், கிளம்பணும்னா தண்ணி குடிக்கணும், அதுதான் சட்டம். இதுக்குன்னே எங்க தெருவுல வாசலுக்கு வாசல் ஒரு ஸ்டூலும் ஒரு சொம்புத் தண்ணியும் இருக்கும். காலனி சங்கச் செயலாளர் சுடலைமுத்து சார் பேங்குக்குக் கிளம்பினா, தெரு முனை தாண்டறதுக்குள்ள ஏழு வாசல்ல உக்காந்து ஏழு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு, எட்டாவது வாசல்ல அவசரம் தாங்காம வீட்டுக்கே ஓடிருவாரு. அவரு பேங்க் வேலை மூணு மாசமா அப்படியே கிடக்கு.

திங்கக்கிழமை கத்திரிப்பூ அண்ணாச்சி தெருவைச் சுத்திப் பார்த்தாரு. கோலத்தைக் குனிஞ்சு பார்த்தாரு, காயப்போட்ட வடகத்தைப் பார்த்தாரு, கரண்டுக் கணக்கு எடுக்க வந்த ஆளுக்கு ஏணியைப் பிடிச்சுக் கொடுத்தாரு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, பார்த்தது போதும்னு நினைச்சாரோ என்னமோ, சட்டையை உதறிக்கிட்டு மில்லைத் தாண்டி நடந்தாரு. நான் மிளகாத்தூளைச் சலிச்சுக்கிட்டே, தலையைக்கூட நிமிராம, வாய்ப் பழக்கம், "எங்க போறீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டுட்டேன்.

அவரு நின்னாரு. திரும்பி என்னைப் பார்த்தாரு, கண்ணு இல்லாட்டியும் பார்த்தாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. நாக்கைக் கடிச்சுக்கிட்டு, முறைப்படி ஸ்டூலைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணியை மோந்து பக்கத்துல வச்சேன். அவரு வந்து உக்காந்தாரு. உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல.

சாயங்காலம் ஜெபராணி மாடிப்படி இறங்கி வந்தா, மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு. விளையாட்டுல ரோடு இருக்கு, மாவு உதிருது, நடக்க ஆளில்ல. ஜப்பான்ல ஒருத்தரு, போலந்துல ஒரு அம்மா, எல்லாரும் எழுதிக் கேக்காங்க, காலி ரோடு மட்டும் வருதே, அவரு எங்கன்னு. அவரு என் மில்லு வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்காரு. ஜெபராணி அவரையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு மெதுவாக் கேட்டா, "சித்தி, யாராவது இவரை எங்க போறீங்கன்னு கேட்டீங்களா?"

வரிசையில நின்ன அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. "யாரு கேப்பா? எனக்கு வேற சோலி இல்லையா?"ன்னேன் நான். பொய். ஒரு வீட்டுல பால் பொங்கினா பத்து வீட்டுக்குச் சொல்லுற தெரு, அன்னைக்கு ஒருத்தரும் என்னைக் காட்டிக் கொடுக்கல, அதுதான் எனக்கு இன்னும் கேவலமாப் போச்சு.

அவ சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கு. "இவருக்கு எங்கேன்னு ஒண்ணை நான் வைக்கவே இல்ல சித்தி. எங்கேன்னு ஒண்ணு வச்சா இது வேற விளையாட்டு. இவரு இப்போ உக்காந்து அதைத்தான் தேடிக்கிட்டு இருக்காரு, இல்லாததை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பாரு?" சனிக்கிழமை பதினோரு மணிக்குச் சென்னையில ஒரு கண்காட்சி, நாடு முழுக்க இருந்து அவளை மாதிரி ஒத்தையில விளையாட்டு செய்யறவங்க நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்திருக்காங்க, நடுவருங்க வந்து ஒவ்வொண்ணா விளையாடிப் பார்ப்பாங்க. அவ அண்ணன் அவளுக்கு மூணு வருஷம் தவணை கொடுத்திருந்தான். சனிக்கிழமை ஒண்ணும் ஆகலைன்னா ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிட்டு, திங்கக்கிழமை அவன் பார்த்து வச்ச ஆபீஸ்ல போய்ச் சேந்துருவேன்னு பைபிள் மேல கை வச்சுச் சொல்லிட்டா. அழிக்கிறதுன்னா கோழி, கதவு, தையல்காரி, மாவு எல்லாம்தான்.

செவ்வாக்கிழமைக்கு மேல கத்திரிப்பூ அண்ணாச்சி எங்க தெருவுல ஒரு ஆளாயிட்டாரு. சுடலைமுத்து சார் சங்கத்து நோட்டுல அவரு பேரை விருந்தாளின்னு எழுதினாரு. முடிவெட்டுறவர் வந்து பார்த்துட்டு, முகம் இல்லாதவருக்குச் சவரம் பண்ணினா தொழில் தர்மம் இல்லைன்னு திரும்பிப் போனாரு. யாரோ ஒரு சின்னப் பிள்ளை நாற்காலி வச்சு ஏறி நெத்தி இருக்கவேண்டிய இடத்துல ஒரு பொட்டு வச்சுது, அது வழுக்கிக் கீழ வந்து தாடைப் பக்கம் நின்னுது. இட்லி கொடுத்தா ரெண்டு கையையும் நீட்டி வாங்கி மடியில வச்சுக்கிடுவாரு, காக்கா வந்து தின்னுட்டுப் போகும், அவரு தடுக்க மாட்டாரு. ரிட்டயர்டு ஆன ஸ்டெல்லா டீச்சர், முப்பது வருஷமா வெள்ளைச் சேலை தவிர வேற கட்டாதவங்க, சாயங்காலமானா பக்கத்துல நாற்காலி போட்டு அவருகிட்டத் தணிஞ்ச குரல்ல என்னமோ பேசுவாங்க. என்ன பேசினாங்கன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமை அவங்க பூப்போட்ட மஞ்சள் சேலை கட்டிக்கிட்டு மாவு அரைக்க வந்ததுதான் தெரியும்.

எழுப்பிவிட நாங்க பண்ணாத வேலை இல்ல. இல்லாத எங்கேயைக் கொடுத்துட்டாப் போச்சுன்னு சுடலைமுத்து சார் ஒரு பேப்பர்ல முப்பது ஊரு பேரு எழுதிட்டு வந்து, குத்தாலத்துல தண்ணி விழுது போறீங்களா, திருச்செந்தூர் போறீங்களா, மணிமுத்தாறு, பாபநாசம், எங்க மச்சான் வீடு விருதுநகர்ல இருக்கு அங்கயாவது போறீங்களான்னு ஒவ்வொண்ணாப் படிச்சாரு. கத்திரிப்பூ அண்ணாச்சி முப்பதையும் பொறுமையாக் கேட்டாரு, அசையல. ஜெபராணி மாடியில உக்காந்து தட்டித் தட்டிப் பார்த்தா, அதே ரோட்டுல வேற ஆளை நடக்க விட்டுப் பார்த்தா, எந்த ஆளும் ரெண்டு அடிக்கு மேல போகல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரைப் பையில போட்டுக்கிட்டு, காலி ரோட்டோட, ரயிலேறப் போனா. வாசல்ல அவருக்கு முன்னால நின்னு, "பரவாயில்ல, நீங்க உக்காருங்க"ன்னு மட்டும் சொன்னா. அவ முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல, மாவைச் சலிச்சுக்கிட்டே இருந்தேன், சல்லடையில மாவே இல்லைங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது.

சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிட்டு வாசலைப் பெருக்கும்போது ஸ்டூலுக்குப் பக்கத்துல துடைப்பம் டம்ளர்ல இடிச்சுது. குனிஞ்சு பார்த்தேன். திங்கக்கிழமை நான் வச்ச டம்ளர், வச்ச தண்ணி, சொட்டுக் குறையல, அஞ்சு நாள் மாவு மேல படிஞ்சு பாலாடை மாதிரி தடிச்சுக் கிடந்துச்சு. அப்படியே தலையில கை வச்சுத் தரையில உக்காந்துட்டேன். தண்ணி குடிச்சாத்தானே கிளம்ப முடியும். அவருக்கு வாய் ஏது.

அஞ்சு நாளா மனுஷன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உக்காந்திருக்காரு, நாங்க முப்பது ஊரு பேரைப் படிச்சுக் காட்டிக்கிட்டு இருந்திருக்கோம். எதிர்த்த வீட்டு வாசல்ல சுடலைமுத்து சாரும் அவரு சம்சாரம் பிரேமா மதினியும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். சார் யோசிச்சாரு. "அவரால முடியாதுன்னா அவருக்காக வேற யாராவது குடிக்கணும் மாரிக்கனி. ஆனா குடிச்சவங்க கிளம்பியாகணுமே"ன்னாரு. தெருவுல ஒவ்வொருத்தரா வாசலுக்கு வந்துட்டாங்க, டம்ளரைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க.

"கேட்டது நான்தான்"னேன். "இந்தப் பாழாப்போன வாய்தான் கேட்டுச்சு. அந்தப் பிள்ளைகிட்டப் பொய் சொன்னதும் இதுதான். இதுவே குடிக்கட்டும்." மாவோட சேர்த்து ஒரே மடக்குல குடிச்சேன். கஞ்சி மாதிரி இருந்துச்சு.

குடிச்ச பிறகுதான் பயம் வந்துச்சு. கிளம்பணும். எங்க கிளம்ப? கோயிலுக்குப் போனா அம்மன் சன்னிதிக்கு, மார்க்கெட்டுக்குப் போனா வத்தல் கடைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரைப் பார்க்க, வேலை இல்லாம ஒரு அடி எடுத்து வச்ச ஜென்மமா நான்? இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. ரெண்டு கையாலயும் ஷட்டரைப் பிடிச்சு இழுத்தேன், இருபத்திரெண்டு வருஷமாப் பகல்ல இறங்காதது, அது கிறீச்சுன்னு கத்திக்கிட்டே இறங்கி வந்துச்சு. செருப்பைப் போட்டேன். ஒரு அடி வச்சேன். எனக்குப் பின்னால ஸ்டூல் நகர்ற சத்தம் கேட்டுச்சு, கத்திரிப்பூ அண்ணாச்சி எந்திரிச்சிருந்தாரு.

அடுத்தது நடந்ததுதான் எங்க காலனி சரித்திரத்துலயே பெரிய காரியம். பன்னிரண்டாம் தெருவுல அறுபத்தி நாலு வாசல். அறுபத்தி நாலு வாசல்லயும் ஆள் நின்னாங்க, மாரிக்கனி மில்லை மூடிட்டுக் கிளம்புறா, கூட முகமில்லாத ஒரு ஆளு போறாரு, இதைவிட எங்கேன்னு கேக்கத் தோணுற காட்சி உலகத்துல உண்டுமா? வாயெல்லாம் திறந்துச்சு. திறந்த வாயெல்லாம் மூடுச்சு. "மதினி, சாப்பிட்டாச்சா"ன்னு ஒருத்தி கேட்டா. "செருப்பு புதுசா"ன்னு ஒருத்தர். "மழை வரும்போலயே"ன்னு சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல ஒருத்தர். சுடலைமுத்து சாருக்கு நெஞ்சு விடைச்சு, கண்ணு பிதுங்கி, "எ"ன்னு ஆரம்பிச்சுட்டாரு, பிரேமா மதினி கையில இருந்த அதிரசத்தை அப்படியே அவரு வாயில திணிச்சுட்டா. கேக்க முடியாதவங்களுக்கு இருக்கிற ஒரே வழி கூடவே போறதுதான், அதனால ஒவ்வொருத்தராச் செருப்பை மாட்டிக்கிட்டுப் பின்னால வந்துட்டாங்க, ஸ்டெல்லா டீச்சர் மஞ்சள் சேலையோட, பிரேமா மதினி அதிரசத் தூக்குச்சட்டியோட, சார் வாய் நிறைய அதிரசத்தோட.

தெருக் கடைசியில ஒரு சுவர் உண்டு. அன்னைக்கு அந்த இடத்துல ரோடு இருந்துச்சு. லேசா அதிர்ந்துக்கிட்டு, மேல இருந்து மாவு உதிர்ந்துக்கிட்டு, என் மில்லு வாசனையோட ஒரு ரோடு. நான் நிக்கல. நடந்தோம், கதவைச் சுமந்த மனுஷன் எதிர்ல வந்து கதவை இறக்கி நடு ரோட்டுல நிறுத்தி வாங்கன்னு திறந்துவிட்டான், அத்தனை பேரும் ஒவ்வொருத்தரா உள்ள நுழைஞ்சு மறுபக்கம் வந்தோம், வந்தா அதே ரோடுதான், ஆனா ஒவ்வொருத்தரும் விருந்துக்குப் போயிட்டு வந்த மாதிரி சிரிச்சுக்கிட்டு வந்தோம், வீடு தண்டிக் கோழி எங்களைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்துட்டு மூடுச்சு, தையல்காரி ஸ்டெல்லா டீச்சர் நிழலை அளந்து பார்த்துட்டு உங்களுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், சரியா இருக்குன்னா, டீச்சர் அழுதாங்க. நான் எங்க போறேன்னு எனக்குத் தெரியல. அது அவ்வளவு நல்லா இருந்துச்சு, என் ஆயுசுல அப்படி நல்லா இருந்தது கிடையாது.

சென்னையில நடந்ததை ஜெபராணி வந்து சொன்னா. பதினோரு மணிக்கு நடுவருங்க அவ மேசைக்கு வந்தாங்க, கண்ணாடி போட்ட ஒரு அம்மா உக்காந்து பொத்தான் வச்ச கருவியைக் கையில எடுத்தாங்க. திரையில காலி ரோடு. "இவ்வளவுதானா?"ன்னு கேட்டாங்களாம். ஜெபராணி ஆமான்னு சொல்ல வாயெடுக்கும்போது ரோட்டுக் கோடியில கத்திரிப்பூ நிறத்துல ஒரு புள்ளி வந்துச்சு. அவருக்குப் பின்னால முழங்கை வரைக்கும் மாவு அப்பின ஒருத்தி வந்தா. அவளுக்குப் பின்னால மஞ்சள் சேலை, தூக்குச்சட்டி, வாய் நிறைய அதிரசம், ஒரு தெருவே வந்துச்சு. அந்த அம்மா பொத்தானை அமுக்கினாங்க, கத்திரிப்பூ அண்ணாச்சி நடந்தாரு. நான் அவருகிட்டப் பேசினது எல்லாம் அங்க திரையில எழுத்தா வந்துச்சாம். கால் வலிக்குதா, கொஞ்சம் உக்காருங்க, அதிரசம் சாப்பிடுங்க, உங்க ஊர்ல மாவு என்ன பதத்துல அரைப்பாங்க. நான் நூறு கேள்வி கேட்டேனாம், அந்த ஒண்ணை மட்டும் கேக்கலையாம். மூணு மணி வரைக்கும் அந்த அம்மா எந்திரிக்கல, மத்தியானச் சாப்பாட்டை மறந்துட்டாங்க, மத்த மேசைக்காரங்க எல்லாம் அவங்கவங்க விளையாட்டை விட்டுட்டு வந்து பின்னால நின்னு பார்த்தாங்க. முதல் பரிசு எங்க பிள்ளைக்கு. அவ அண்ணன் போன்ல பேசும்போது குரல் உடைஞ்சு போச்சாம், அந்த ஆபீஸ்ல நானே சொல்லிக்கிடுதேன், நீ உன் சோலியைப் பாருன்னுட்டானாம்.

ஞாயித்துக்கிழமை காலையில கையில கேடயத்தோட வந்து இறங்கினா. நாங்க முந்தின நாள் மூணு மணிக்கே முதல் தெரு வழியா ஊருக்குள்ள வந்துட்டோம், தலையெல்லாம் மாவு, கத்திரிப்பூ அண்ணாச்சி மட்டும் அந்த ரோட்டுலயே நடந்து போயிட்டாரு. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "அன்னைக்கு அவரை எங்கேன்னு கேட்டது நான்தான்டி"ன்னேன்.

"தெரியும் சித்தி"ன்னா. "நீங்க கேட்டது மாடியில எனக்கே கேட்டுச்சு. இந்தத் தெருவுல மில்லு சத்தத்துக்கு மேல வேற யாரால கேக்க முடியும்?" சொல்லிட்டு என்னைக் கட்டிப் பிடிச்சா, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவளே கேட்டா, "ஆமா, நேத்து நீங்க எங்க போனீங்க?"

"எங்கயும் இல்ல. நடந்தேன்"னேன்.

இப்ப அந்த விளையாட்டை எங்கெங்கயோ விளையாடுறாங்க. கோழியையும் தையல்காரியையும் தாண்டிப் போனா, மாவு அப்பின கையோட ஒரு பொம்பளை ஸ்டூலைப் போட்டு உக்கார வைப்பா, உங்க வீட்டு விசேஷம் வரைக்கும் துருவித் துருவிக் கேப்பா, எங்கேன்னு மட்டும் கேக்க மாட்டா. அவகூட இருக்கத்தான் மறுபடி மறுபடி வாறோம்னு போலந்து அம்மா எழுதியிருக்காங்களாம். சுடலைமுத்து சார் பேங்க் வேலையும் முடிஞ்சுட்டு, ஒரே நடையில போய்ட்டு வந்துட்டாரு.

சனிக்கிழமை என் மில்லு லீவு. போர்டு எழுதித் தொங்கவிட்டிருக்கேன், காரணம் எழுதல. காலையில நான் ஷட்டரை இறக்கிட்டுச் செருப்பைப் போடும்போது அறுபத்தி நாலு வாசல்லயும் ஆள் நிக்கும், சார் கையில ஒரு அதிரசம் தயாரா வச்சிருப்பாரு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் தெருவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவேன், போயிட்டு வாரேன்.